முதல் தடவைக்கும் நூறாவது தடவைக்கும் நடுவுல மூளைல என்ன மாறுது?

நீங்க கேட்டது மேலோட்டமா பாத்தா மூணு கேள்வி. ஜாலிக்கு ஆரம்பிக்கிறவன் மூளைக்கும் வருஷக்கணக்கா போதை எடுக்குறவன் மூளைக்கும் என்ன வித்தியாசம், எந்த நாள்ல அது மாறுது, ஸ்கேன் எடுத்தா தெரியுமா. ஆனா கடைசில போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, "இப்பல்லாம் ஒண்ணுமே ஏறலன்னு என் ஃப்ரெண்டே சொல்றான், அப்புறம் எதுக்குத்தான் எடுக்குறான்னு புரியல"ன்னு, எனக்கென்னவோ நீங்க நிஜமா கேக்க வந்தது அதைத்தான்னு தோணுது. அதைப் பிடிச்சுக்கிட்டுப் போனா மத்த மூணுக்கும் வழில பதில் வந்துடும். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். எட்டு வருஷம் ஒரு லேப்ல எலிங்க மூளைக்குள்ள முடியை விட மெல்லிசான வயர் வெச்சு, அது கொக்கெய்ன் எடுக்கப் பழகுற முதல் நாள்லேர்ந்து நியூரான்கள் என்ன பண்ணுதுன்னு பதிவு பண்றதுதான் என் பொழப்பு. அதனால எலி, குரங்கு விஷயம் எனக்கு நேரடிப் பழக்கம். மனுஷங்க மேல நடந்த ஸ்கேன் ஆராய்ச்சி எல்லாம் படிச்சது, கூட வேலை பாத்தவங்ககிட்ட வாதாடித் தெரிஞ்சுகிட்டது. உங்க ஃப்ரெண்டுக்கு என்ன வைத்தியம்னு என்கிட்ட கேக்காதீங்க, அதுக்கு நான் ஆள் இல்ல.

முதல் தடவை என்ன நடக்குதுங்கறதுல பெருசா சண்டை கிடையாது. நடுமூளைல வி.டி.ஏ.ன்னு ஒரு சின்ன இடம் இருக்கு, அங்கிருந்து கிளம்புற நியூரான்கள் முன்பக்கமா வந்து அக்கும்பென்ஸ்ங்கற இடத்துல டோபமைன்ங்கற கெமிக்கலைக் கொட்டும். அக்கும்பென்ஸ்ங்கறது ஸ்ட்ரையேட்டம்னு ஒரு பெரிய பகுதியோட அடிப்பாகம், இந்த 'அடிப்பாகம்'ங்கறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். 1988ல இத்தாலில டி கியாரா, இம்பெராட்டோன்னு ரெண்டு பேர் நடமாடிக்கிட்டு இருக்குற எலிகளுக்கு கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமின், ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை), நிகோட்டின், ஆல்கஹால்னு ஒவ்வொண்ணா குடுத்து அளந்தாங்க, மனுஷன் அடிமையாகுற சரக்கு அத்தனையும் அங்க டோபமைனை ஏத்துச்சு. போற வழிதான் வேற வேற. கொட்டின டோபமைனைத் திரும்ப உள்ள இழுக்குற கதவைக் கொக்கெய்ன் அடைச்சுடும். ஆம்ஃபெட்டமின் அதே கதவைத் திருப்பிவிட்டு உள்ள இருக்குறதையும் வெளிய தள்ளும். டோபமைன் செல்களை அடக்கிப் பிடிச்சு வெச்சிருக்குற காவல்கார செல்களை ஓபியாய்டு தூங்க வெச்சுடும். நிகோட்டின் டோபமைன் செல்லையே நேரா போய்த் தட்டும். ஆல்கஹால் ஒரே நேரத்துல பத்து பூட்டுல கை வைக்கிற ரகம், அதைச் சொல்ல ஆரம்பிச்சா இன்னிக்கு முடியாது. எவ்வளவு ஏறுதுங்கறதோட எவ்வளவு சீக்கிரம் ஏறுதுங்கறதும் முக்கியம், அதே நிகோட்டின் சிகரெட் புகைல சில செகண்ட்ல மூளைக்குப் போகுது, தோல்ல ஒட்டுற பேட்ச்ல மணிக்கணக்கா மெதுவா போகுது, பேட்சுக்கு அடிமையானவங்களைத் தேடித்தான் பிடிக்கணும்.

இங்க ஒரு தப்பான பேச்சை வெட்டிவிட்டாத்தான் மேல போக முடியும். டோபமைன்னா சந்தோஷம் குடுக்குற கெமிக்கல்னு எல்லாரும் சொல்றாங்க இல்லையா. அதுக்குப் பிள்ளையார் சுழி 1954ல ஓல்ட்ஸ், மில்னர்ங்கற ரெண்டு பேர் போட்டது, எலி மூளைல ஒரு இடத்துல வயர் வெச்சு லீவர் அமுக்கினா லேசா கரண்ட் போற மாதிரி செஞ்சாங்க, எலி விடாம அமுக்கிக்கிட்டே இருந்துச்சு, உடனே 'இன்ப மையம்' கண்டுபிடிச்சாச்சுன்னு பேர் வெச்சுட்டாங்க. அப்புறம் குரங்குகளோட டோபமைன் செல்லைப் பதிவு பண்ண வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் பாத்தது வேற மாதிரி இருந்துச்சு. குரங்குக்கு எதிர்பாராம ஒரு சொட்டு ஜூஸ் குடுத்தா செல் படபடன்னு அடிக்குது. ஜூஸுக்கு முன்னாடி ஒரு லைட்டைப் போட்டுப் போட்டுப் பழக்கினா, கொஞ்ச நாள்ல லைட்டுக்கு அடிக்குது, ஜூஸுக்கு அடிக்கறதே இல்ல. லைட் போட்டுட்டு ஜூஸ் குடுக்காம ஏமாத்தினா, வரவேண்டிய நேரத்துல செல் கொஞ்ச நேரம் கப்சிப். அதாவது ஜூஸ் அதே ஜூஸ், அதே ருசி, ஆனா சிக்னல் முன்னாடி நகர்ந்து போயிடுச்சு. "நெனச்சதை விட நல்லது வருது, கவனிச்சு வெச்சுக்கோ"ன்னு சொல்ற சிக்னல் அது. ருசிக்கற சிக்னல் இல்ல. 1997ல கணக்குப் போடுறவங்களோட சேர்ந்து அவர் எழுதின கட்டுரைக்கு அப்புறம் எங்க துறைல பேச்சே மாறிப்போச்சு.

இப்ப எங்க பெட்டிக்கு வாங்க. உள்ள ஒரு எலி, கழுத்து ரத்தக்குழாய்ல மெல்லிசா ஒரு ட்யூப், சுவத்துல ஒரு லீவர், அதுக்கு மேல சின்ன லைட். அமுக்கினா லைட் எரியும், வெளிய பம்ப் ர்ர்ர்ன்னு சில செகண்ட் சுத்தும், மருந்து ரத்தத்துல போகும். முதல் நாள் எலிக்கு ஒண்ணும் தெரியாது, மூலை மூலையா மோந்துகிட்டுச் சுத்தும், தற்செயலா கால் பட்டு லீவர் அமுங்கும், திடுக்குன்னு நிக்கும், அப்புறம் பரபரன்னு ஓடும். ரெண்டு வாரம் கழிச்சு அதே எலியைப் பாக்கணும். பெட்டில விட்ட உடனே நேரா லீவர்கிட்ட போய்ச் சரசரன்னு நாலஞ்சு தடவை அமுக்கும், அப்புறம் நிதானமாகி ஆறேழு நிமிஷத்துக்கு ஒரு தடவை, மணி பாத்து மாத்திரை போடுறவங்க மாதிரி வந்து வந்து அமுக்கிட்டுப் போகும். டோஸைப் பாதியாக்கினா இடைவெளியும் குறைஞ்சுடும். மூளைல டோபமைன் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழ வடியும்போதுதான் அடுத்த அமுக்கல் வருதுன்னு அளந்தே பாத்திருக்காங்க.

அக்கும்பென்ஸ்ல இருக்குற ஒரு செல்லோட துடிப்பை ஸ்பீக்கர்ல போட்டுட்டு நாங்க பக்கத்து ரூம்ல உக்காந்திருப்போம். டக்... டக்... டக்னு சோம்பேறித்தனமா அடிச்சுக்கிட்டு இருக்கும். பழகின எலியா இருந்தா, அது லீவர் பக்கம் திரும்ப ஆரம்பிக்கும்போதே அந்த டக் டக் நெருங்க ஆரம்பிக்கும், டகடகடகன்னு ஏறும், அப்புறம் லீவர் சத்தம், அப்புறம் பம்ப். ஸ்க்ரீனைப் பாக்காமலே "இதோ அமுக்கப் போறான்"னு சொல்லிடலாம், பல தடவை பந்தயம் கட்டியே சொல்லியிருக்கோம். இதுல யோசிக்கவேண்டிய விஷயம், அந்த வேகம் பிடிக்கிற நேரத்துல மருந்து இன்னும் உள்ளயே போகல. முதல் நாள் எலிகிட்ட இந்த மாதிரி 'முன்கூட்டியே' அடிக்கிற செல்லைக் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல, எல்லாச் செல்லும் மருந்து போனதுக்கு அப்புறம்தான் ஏதாவது மாறும். ஆக முதல் மாற்றம் அளவுல இல்ல, நேரத்துல. மருந்து குடுக்குற உலுக்கல் கொஞ்சம் கொஞ்சமா மருந்துக்கு முன்னாடி வர்ற லைட்டுக்கும் லீவருக்கும் கை அசைவுக்கும் போய் ஒட்டிக்கிது. மனுஷனுக்கு அந்த லைட், லீவர் எல்லாம் என்னன்னு உங்களுக்கே தெரியும், லைட்டர் சத்தம், பாட்டில் மூடி திருகுற சத்தம், ஒரு குறிப்பிட்ட போன் நம்பர்.

ரெண்டாவது மாற்றம் இடத்துல. அடிப்பாகம்னு சொன்னேன் இல்லையா. ஸ்ட்ரையேட்டத்தோட அடிப்பாகம் ஆசை, பரிசு, புதுசா கத்துக்கறது இந்தப் பக்கம். மேல்பாகம், அதுலயும் வெளிப்பக்கமா இருக்குறது, யோசிக்காம கை கால் தானா செய்யுற வேலைகள் பக்கம், வண்டி ஓட்டிக்கிட்டே எப்ப கியர் மாத்தினோம்னே தெரியாது பாருங்க, அந்த ரகம். 2004ல லிண்டா போரினோ குழு கொக்கெய்ன் எடுத்த குரங்குகளோட மூளைல எந்தெந்த இடம் எவ்வளவு சக்தி செலவழிக்குதுன்னு வரைபடம் போட்டாங்க. 5 நாள் மட்டும் எடுத்த குரங்குகள்கிட்ட மாற்றம் பெரும்பாலும் அடிப்பாகத்துல. 100 நாள் எடுத்ததுங்ககிட்ட அது மேல பரவி மேல்பாகம் வரைக்கும் போயிருந்துச்சு. 2012ல இங்கோ வில்லூன் குழு அதே விஷயத்தை எலிகள்கிட்ட செகண்ட் கணக்குல டோபமைனை அளந்து பாத்தாங்க. முதல் வாரத்துல லீவர் அமுக்கின உடனே டோபமைன் அடிப்பாகத்துல எகிறுது. வாரங்கள் போகப் போக அடிப்பாகத்துல அது குறையுது, மேல்பாகத்துல புதுசா முளைக்குது. அடிப்பாகத்தை முன்னாடியே கெடுத்து வெச்சா மேல்பாகத்துல அது முளைக்கறதே இல்ல, அதனால ரெண்டும் தனித்தனிக் கதை இல்ல, ஒண்ணு இன்னொண்ணுக்குக் கைமாத்தி விடுது.

குறையுதுன்னு சொன்னேன் பாருங்க, உங்க ஃப்ரெண்டு "ஏறல"ன்னு சொல்றதோட வேர் இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். 1998ல அஹ்மத், கூப்னு ரெண்டு பேர் ஒரு எளிமையான சோதனை செஞ்சாங்க. ஒரு கூட்டம் எலிக்கு தினமும் 1 மணி நேரம் கொக்கெய்ன் கிடைக்கும், இன்னொரு கூட்டத்துக்கு 6 மணி நேரம். ஒரு மணி நேர எலிகள் வாரக்கணக்கா அதே அளவுல நின்னுச்சு. ஆறு மணி நேர எலிகள் நாளுக்கு நாள் கூட்டிக்கிட்டே போச்சு. சரி, கூட்டுற எலிக்கு டோபமைன் அதிகமாகியிருக்கும்னுதானே நினைப்போம்? வில்லூன் 2014ல அளந்தா நேர்எதிர். எந்த எலி அளவைக் கூட்டுச்சோ அதுக்கு அந்த எகிறல் தேய்ஞ்சு போயிருந்துச்சு, கூட்டாத எலிக்கு அவ்வளவா தேயல. அதோட நிக்காம, டோபமைனா மாறக்கூடிய எல்-டோபா மருந்தைக் குடுத்து அந்த எகிறலைத் திரும்பக் கொண்டு வந்தாங்க, எலி எடுக்குற அளவு கூட்டறதுக்கு முன்னாடி இருந்த அளவுக்கு இறங்கிடுச்சு. (இதைப் படிச்சுட்டு யாராவது எல்-டோபாவைத் தேடிப் போயிடாதீங்க, எலிக்குப் பலிச்சதெல்லாம் மனுஷனுக்குப் பலிச்சிருந்தா எங்க துறைக்கே வேலை இருந்திருக்காது.) மனுஷங்க பக்கம் நோரா வோல்கோ குழு 1997ல காட்டினதும் இதோட ஒத்துப்போகுது, கொக்கெய்ன்லேர்ந்து வெளிய வந்தவங்களுக்கும் மத்தவங்களுக்கும் டோபமைனை ஏத்துற ஒரே மருந்தைக் குடுத்து ஸ்கேன் பண்ணாங்க, பழக்கம் இருந்தவங்களுக்கு ஸ்ட்ரையேட்டத்துல டோபமைன் கம்மியா ஏறுச்சு, 'ஏறுது'ங்கற உணர்வும் கம்மியா இருந்துச்சு. அதே குழு 2006ல கொக்கெய்ன் எடுக்குற வீடியோவை மட்டும் காட்டினாங்க, மருந்தே குடுக்கல, மேல்பாகத்துல டோபமைன் ஏறுச்சு, எவ்வளவு ஏறுச்சோ அவ்வளவு ஏக்கம்.

ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாருங்க. மருந்து உள்ள போகும்போது கிடைக்கறது தேய்ஞ்சு போச்சு, மருந்தை ஞாபகப்படுத்துற விஷயத்துக்கு வர்ற இழுப்பு தேயல, சொல்லப்போனா வளர்ந்துடுச்சு. 1993ல ராபின்சன், பெரிட்ஜ்னு ரெண்டு பேர் பிடிச்சிருக்கறதும் வேணும்னு தோணறதும் மூளைல வேற வேற வேலைன்னு எழுதினாங்க, அப்ப நிறைய பேர் சிரிச்சாங்க. மோகம் முப்பது நாள் ஆசை அறுபது நாள்னு சொல்வோம், இங்க மோகம் போன பின்னாடியும் ஆசை மட்டும் தனியா நின்னு ஆளை இழுக்குது. அதனால உங்க ஃப்ரெண்டு பொய் சொல்லல. ஏறலன்னு அவன் சொல்றதும் நிஜம், கை போறதும் நிஜம்.

இதுக்கு அடியில இன்னொண்ணும் ஓடுது, அது மன அழுத்தம் பக்கம். மருந்து தினமும் ஒரு பக்கம் அழுத்திக்கிட்டே இருந்தா மூளை எதிர்ப்பக்கம் முட்டுக் குடுக்க ஆரம்பிக்கும். பயம், பதட்டத்தைக் கவனிக்கிற அமிக்டலாங்கற இடமும் அதைச் சுத்தி இருக்குற பகுதிகளும் டென்ஷனுக்கான கெமிக்கல்களை அதிகமா விடும், மருந்து இறங்கின உடனே முட்டு மட்டும் மிச்சம் நிக்கும், எரிச்சல், பதட்டம், தூக்கம் இல்லாமை. ஜார்ஜ் கூப் வருஷக்கணக்கா சொல்லிட்டு வர்றது இதுதான், ஆரம்பத்துல நல்லா இருக்கணும்னு எடுத்தவன் அப்புறம் நார்மலா இருக்கணும்னு எடுப்பான். ஓபியாய்டு, ஆல்கஹால், நிகோட்டின்ல இது ரொம்பத் தெளிவா தெரியும், கொக்கெய்ன்ல உடம்பு நடுக்கம் மாதிரி வெளிய அவ்வளவா தெரியாது, மனசுதான் தரைமட்டமாகும்.

மூணாவது மாற்றம் நெத்திக்குப் பின்னாடி, ப்ரீஃப்ரன்டல் பகுதில. லீவர் அமுக்கினா சில நேரம் கால்ல ஷாக் அடிக்கும்னு வெச்சா பெரும்பாலான எலி விட்டுடும், கொஞ்சம் எலி ஷாக் வாங்கிக்கிட்டே அமுக்கும். 2013ல அன்டோனெல்லோ போன்ச்சி குழு அந்த விடாக்கண்டன் எலிகளோட நெத்திப் பகுதி செல்களைப் பாத்தா, ரொம்ப மந்தமா கிடந்துச்சு. லைட்டால செல்லை முடுக்கிவிடுற முறைல அதை எழுப்பினதும் எலி அமுக்கறதைக் குறைச்சுச்சு, ஒழுங்கா நிறுத்துன எலிகிட்ட அதே செல்களை அடக்கினதும் அது மறுபடி அமுக்க ஆரம்பிச்சுச்சு. ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டினதால இதை வெறும் 'சேர்ந்து வர்றது'ன்னு தள்ள முடியாது. மனுஷங்க தலைக்கு வெளியிலேர்ந்து காந்தத்தால அதே பகுதியை முடுக்கிப் பாக்கறாங்க, அங்க முடிவுகள் இன்னும் ஒரே திசைல நிக்கல.

இவ்வளவு தூரம் சொன்னதுல எதை நான் கை வெச்சு சத்தியம் பண்ணுவேன், எதை மாட்டேன்னு சொல்லணும். எல்லாச் சரக்கும் டோபமைனைத் தொடுது, சிக்னல் மருந்துலேர்ந்து அடையாளங்களுக்கு நகருது, தொடர்ந்து எடுத்தா அடிப்பாகத்துலேர்ந்து மேல்பாகத்துக்குப் பரவுது, இது மூணும் விலங்குகள்ல திரும்பத் திரும்பப் பாத்தது. ஆனா மேல்பாகம் வந்துட்டதால அடிமைத்தனம்னா வெறும் அனிச்சைப் பழக்கம்னு சிலர் சொல்றதை நான் ஒத்துக்கறது இல்ல. 2018ல ராபின்சன் குழுல ஒரு அழகான வேலை செஞ்சாங்க, எலிக்கு தினமும் ஒரு புதுப் புதிர் வெச்சு அதை அவிழ்த்தாத்தான் கொக்கெய்ன்னு ஆக்கினாங்க, அதனால பழக்கமே ஆக முடியாது, தினமும் யோசிச்சாகணும், அப்படியும் எலிகளுக்கு அடிமைத்தனத்தோட அறிகுறி எல்லாம் வந்துச்சு. நிஜ வாழ்க்கையும் அப்படித்தானே, பணத்துக்கு வழி பண்றது, வீட்டுல பொய் சொல்றது, ஆளைப் பிடிக்கறது, இதெல்லாம் தூக்கத்துல நடக்கற வேலையா? எரிச்ச குச்சியைக் கீழ போடறதுக்குள்ள அடுத்த சிகரெட் வாய்ல இருக்கறது பழக்கம், சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பத்து பேருக்கு போன் போடறது வேற. அதே மாதிரி டோபமைன் கதை ஆம்ஃபெட்டமின், கொக்கெய்னுக்குத்தான் மனுஷ ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியுது, ஓபியாய்டுக்கும் கஞ்சாவுக்கும் ஒவ்வொரு ஆராய்ச்சிலயும் ஒவ்வொரு மாதிரி வருது. எல்லாத்துக்கும் ஒரே படத்தைப் போட்டு விளக்குற வீடியோக்களை நம்பாதீங்க.

இன்னொரு பெரிய முடிச்சு, இது எடுத்ததால வந்த மாற்றமா, முன்னாடியே இருந்ததாங்கறது. ஸ்கேன்ல அடிமையானவங்களுக்கு டி2ன்னு ஒரு வகை டோபமைன் ரிசெப்டர், அதாவது செல் மேல டோபமைனை வாங்கிக்கிற இடம், கம்மியா தெரியும், நெத்திப் பகுதியும் மந்தம். உடனே 'போதை மூளையை அழிச்சுடுச்சு'ன்னு எழுதிடுவாங்க. 2006ல மைக்கேல் நேடர் குழு குரங்குகளை ஒரு தடவை கூட கொக்கெய்ன் தொடறதுக்கு முன்னாடியே ஸ்கேன் பண்ணி வெச்சுட்டு அப்புறம் பழக்கினாங்க, முன்னாடியே டி2 கம்மியா இருந்த குரங்கு அதிகமா எடுத்துச்சு, எடுக்க ஆரம்பிச்ச ஒரு வாரத்துலயே டி2 மேலும் குறைஞ்சுச்சு, ஆக ரெண்டும் உண்மை. அதுக்கு முன்னாடி 2002ல அதே ஆட்கள் பாத்தது எனக்கு இன்னும் பிடிக்கும், குரங்குகளைக் கூட்டமா சேர்த்து வெச்சப்ப மேல வந்த குரங்குக்கு டி2 ஏறிடுச்சு, கொக்கெய்ன் மேல அவ்வளவு நாட்டம் இல்ல, கீழ அமுங்கின குரங்கு நல்லாவே எடுத்துச்சு. மனுஷங்ககிட்ட 2012ல காரன் எர்ஷே குழு அடிமையான 50 பேரையும், எதுக்கும் அடிமையாகாத அவங்க கூடப் பிறந்தவங்களையும் சேர்த்துப் பாத்தா, நெத்திக்கும் ஸ்ட்ரையேட்டத்துக்கும் நடுவுல இருக்குற வித்தியாசங்கள்ல சிலது ரெண்டு பேர்கிட்டயும் இருந்துச்சு. அந்தக் கூடப் பிறந்தவன் ஏன் அடிமையாகலங்கறதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி.

ஸ்கேன் எடுத்தா தெரியுமான்னா, தெரியாது. மேல சொன்னது எல்லாம் கூட்டத்தோட சராசரி. ரெண்டு கூட்டத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா வித்தியாசம் தெரியும், ஆனா புள்ளிகள் ஒண்ணு மேல ஒண்ணு கலந்து கிடக்கும், ஒரு தனி ஆளோட படத்தைக் காட்டி இவன் அடிமையா இல்லையான்னு சொல்ற ஸ்கேன் கிடையாது. அப்படி யாராவது காசு கேட்டா கிளம்பி வந்துடுங்க.

எந்த நாள்ல மாறுதுன்னா, அப்படி ஒரு நாளே இல்ல. ஒரு பக்கம் பாத்தா முதல் தடவையே மாற்றம்தான், 2001ல ஒரே ஒரு ஊசி கொக்கெய்ன் போட்ட எலிகளோட டோபமைன் செல்கள்ல இணைப்பு வலுவாகி 5 நாள் வரைக்கும் அப்படியே இருந்துச்சு, 10வது நாள் பாத்தா பழையபடி. இன்னொரு பக்கம், எடுத்தவங்க எல்லாரும் அடிமையாகறது இல்ல. 1994ல அமெரிக்கால ஜேம்ஸ் ஆன்டனி குழு கணக்கெடுத்தப்ப, ஒரு தடவையாவது தொட்டவங்கள்ல ஏதோ ஒரு கட்டத்துல அடிமையானவங்க புகையிலைல 32%, ஹெராயின்ல 23%, கொக்கெய்ன்ல 17%, ஆல்கஹால்ல 15%, கஞ்சால 9%. எலிகள்லயும் 2004ல ஒரு பிரெஞ்சு குழு மூணு மாசம் கொக்கெய்ன் குடுத்துப் பாத்தா 17% எலிதான் மனுஷ அடிமைத்தனம் மாதிரி எல்லா அறிகுறியும் காட்டுச்சு. ரெண்டு 17ம் ஒத்துப்போறது தற்செயல்தான், ஆனா கருத்தரங்குல காட்ட எல்லாருக்கும் பிடிக்கும்.

நீங்க கேக்கலன்னாலும் மனசுல இருக்கும், இதெல்லாம் திரும்புமா. கொஞ்சம் திரும்பும், ஆனா எல்லாம் ஒரே வேகத்துல திரும்பாது. மெத்தாம்ஃபெட்டமின் எடுத்த 5 பேரை வோல்கோ குழு 12லேர்ந்து 17 மாசம் தொடாம இருந்த பின்னாடி மறுபடி ஸ்கேன் பண்ணப்ப, டோபமைனைத் திரும்ப உள்ள இழுக்குற கதவுன்னு சொன்னேன் இல்லையா, அந்தக் கதவுகள் ஸ்ட்ரையேட்டத்துல 16லேர்ந்து 19% வரைக்கும் திரும்ப ஏறியிருந்துச்சு, ஆனா கை வேகம், ஞாபகம் ரெண்டும் அதே அளவுக்கு மேல வரல. 5 பேர்தான், அதை மறக்காதீங்க. இதுக்கு நேர்மாறா நடக்குற ஒண்ணும் இருக்கு. எலிகிட்டேர்ந்து கொக்கெய்னை எடுத்துட்டு, லைட்டை மட்டும் எப்பவாவது காட்டினா, ஏக்கம் முதல் நாளை விட ஒரு மாசம் கழிச்சு அதிகம், ரெண்டு மாசம் வரைக்கும் ஏறிக்கிட்டே போகுது, 2001ல வந்த ஆராய்ச்சி. ஒரு மாசம் நல்லா இருந்தவன் திடீர்னு ஏதோ பழைய இடத்துக்குப் போனதும் சறுக்கினா அது வைராக்கியம் இல்லாததாலதான்னு நினைக்கறவங்க இதைப் படிக்கணும். அதே நேரம் 2018ல மார்க்கோ வெனிரோ, யாவின் ஷஹாம் குழு எலிக்கு ரெண்டு லீவர் வெச்சாங்க, ஒண்ணு அமுக்கினா போதை, இன்னொண்ணு அமுக்கினா கதவு திறந்து இன்னொரு எலி வரும். அடிமையான எலிகள் உட்பட கிட்டத்தட்ட எல்லாமே இன்னொரு எலியைத்தான் எடுத்துச்சு. நாங்க எட்டு வருஷமா ஒவ்வொரு எலியையும் தனித்தனிப் பெட்டில வெச்சுட்டு, ஏன் இப்படி அமுக்குதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தோம், அந்தக் கட்டுரையைப் படிச்ச அன்னிக்கு லேப்ல யாரும் ரொம்ப நேரம் பேசல.

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் அவன்கிட்ட நேரா சொல்லுங்க. 'ஏறல'ங்கறது உடம்பு தாங்குதுன்னு அர்த்தம் இல்ல. தாங்குற சக்தில ஒரு பங்கு இடத்தோடயே கட்டுப்பட்டு இருக்கு, 1982ல ஷெப்பர்ட் சீகல் ஹெராயினுக்குப் பழகின எலிகளுக்கு அதிக டோஸை வழக்கமான ரூம்ல குடுத்தப்ப 32% செத்துச்சு, அதே டோஸைப் பழக்கம் இல்லாத ரூம்ல குடுத்தப்ப 64%. கொஞ்ச நாள் நிறுத்திட்டுப் பழைய அளவுக்கே திரும்பப் போறதும் அதே மாதிரி ஆபத்து, ஓபியாய்டுல மூச்சே நின்னுடும். ஆல்கஹாலா இருந்தா ஆபத்து வேற பக்கம், பல வருஷம் தினமும் குடிச்சவன் ஒரே நாள்ல வீட்டுலயே நிறுத்தினா வலிப்பு வரலாம், டாக்டர் பார்வைல நிறுத்தணும். அவன் எதை எடுக்குறான், எத்தனை வருஷமான்னு நீங்க எழுதல, எழுதினீங்கன்னா அந்தச் சரக்கைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை மட்டும் தனியா சொல்றேன்.